சாயங்காலத்துப் பாதரசம்

8 ஜனவரி 1936, புதன்

புதுப் பெட்டி வந்து பதினைந்து நாளாகிறது. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் எங்கள் டிஸ்பென்சரிக்கு இப்போது வியாதிக்காக வருகிறவர்களைவிட வேடிக்கைக்காக வருகிறவர்கள்தான் அதிகம். கையில் துணிப் பட்டையைச் சுற்றி ரப்பர் குமிழை அமுக்கினால், கண்ணாடிக் குழாயில் பாதரசம் விறுவிறுவென்று ஏறுகிறது. ரத்தம் எவ்வளவு வேகத்தோடு உள்ளே முட்டுகிறது என்று அது சொல்லிவிடுகிறது. பால்காரன் வேலுகூட நேற்று கையை நீட்டிவிட்டு, "எனக்கு இன்னா நம்பர் வந்துது?" என்று கேட்டான். கிண்டி ரேஸில் பணம் கட்டியவன் மாதிரி ஒரு முகம்.

டாக்டர் சுப்புராயன் எனக்கும் பெட்டியைப் பிடிக்கக் கற்றுக் கொடுத்திருக்கிறார். இருபது வருஷமாக மருந்து கலக்கிய கைக்கு இது பெரிய விஷயமில்லை. மேல் எண், கீழ் எண் என்று இரண்டு உண்டு. இந்த நோட்டில் மேல் எண்ணை மட்டும் எழுதுவதாக உத்தேசம்.

இன்று டாக்டர் என் கையிலேயே கட்டிப் பார்த்தார். 184.

"கங்காதரா, உனக்கு நாற்பத்தாறு வயசுதானே? இது ஜாஸ்தி. உப்பைக் குறை. கோபத்தைக் குறை. குடி கிடி ஏதாவது உண்டா?"

"காபிதான் டாக்டர்" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

9 ஜனவரி, வியாழன்

நோட்டிலாவது உண்மையை எழுத வேண்டும். பிராந்தி. தினம் இரண்டு அவுன்ஸ். டாக்டர் மருந்துக்கு வைத்திருக்கும் பாட்டிலை நான் தொட்டதில்லை. சொந்தமாக வாங்கி, பேதி உப்பு ஜாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், ஏழு மணிக்கு டாக்டர் மாடியில் தன் வீட்டுக்கு ஏறிப்போனதும், பாட்டில்களைக் கழுவி முடித்து, அளவு கிளாஸில் கோடு பார்த்து ஊற்றிக் குடிப்பேன். குடிகாரன் அளந்து குடிப்பானா? நான் அளந்து குடிப்பவன். கம்பவுண்டருக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. அவன்மேல் எப்போதும் ஸ்பிரிட் வாசனை அடிக்கும். என் மனைவி தேவானைக்குப் பதினெட்டு வருஷமாக அதுதான் என் வாசனை.

ஆனால் 184 மனசை அரிக்கிறது. போன வருஷம் என் அண்ணன் ரகுபதி ஆபீஸ் மேஜைமேலேயே சாய்ந்தார். அவருக்கும் ரத்தக் கொதிப்பு என்றார்கள்.

17 ஜனவரி, வெள்ளி

இதை ஏன் முன்பே செய்து பார்க்கவில்லை? பெட்டி கீழேதான் இருக்கிறது. அதைத் துடைத்து மாடிக்குக் கொண்டு போய்க் கொடுப்பது என் வேலை. கொடுப்பதற்கு முன்னால் நானே என் கையில் கட்டிக்கொள்ளலாமே! ஒற்றைக் கையால் கட்டுவது கொஞ்சம் கோமாளித்தனமாக இருக்கிறது. ஸ்டெதஸ்கோப்பைப் பட்டைக்கடியில் செருகிவிட்டு, குமிழை மடியில் வைத்து அமுக்கினேன்.

குடிப்பதற்கு முன்: 186.

குடித்து அரை மணி கழித்து: 164.

மறுபடியும் கட்டினேன். 162! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது. ஊரெல்லாம் குடி கெடுக்கும் என்கிறார்கள், மேடை போட்டுப் பேசுகிறார்கள். பாதரசம் வேறு மாதிரிச் சொல்கிறது. பாதரசத்துக்குக் கட்சி உண்டா என்ன?

23 ஜனவரி, வியாழன்

ஐந்து நாள் தொடர்ந்து பார்த்தேன். ஐந்து நாளும் இறங்கியது. ஒரு நாளும் தப்பவில்லை.

28 ஜனவரி, செவ்வாய்

சாந்தோம் குப்பத்திலிருந்து மிக்கேல் என்று ஒருவன் வந்தான். கட்டுமரக்காரன், ஐம்பது வயது, தோள் தூண் மாதிரி. இரண்டு நாளாக மூக்கில் ரத்தம் வருகிறதென்று அவன் மனைவி ஆரோக்கியமேரி இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். மீன்கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தாள். அப்படியும் உள்ளே இருந்த குமாஸ்தாக்கள் வேட்டி நுனியால் மூக்கை மூடிக்கொண்டார்கள்.

210. டாக்டர் பட்டையை அவிழ்த்து மறுபடியும் கட்டிப் பார்த்தார். பிறகு நரம்பைத் தணிக்கும் ப்ரோமைடு கலவை எழுதிக் கொடுத்தார். கருவாடு கூடாது, கள்ளு சாராயம் கூடவே கூடாது என்றார். ஆரோக்கியமேரி புருஷன் பக்கம் திரும்பி, "கேட்டுக்கினியா? நான் சொன்னா நாய் கொலைக்குதுன்னுவ. பெரிய டாக்டரே சொல்றாரு" என்றாள்.

மிக்கேல் அவளைப் பார்க்கவில்லை. பாதரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

1 பிப்ரவரி, சனி

மிக்கேல் தனியாக வந்தான். கள்ளு வாசனை அறையையே நிறைத்தது. டாக்டர் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தார், நானே கட்டினேன். 176. செவ்வாய்க்கிழமை இருநூற்றுப்பத்து இருந்த ஆள்! மருந்து சீசாவைக் கேட்டால் இன்னும் திறக்கவே இல்லையாம்.

அப்படியானால் எனக்கு மட்டும் நடக்கிற விஷயமில்லை இது.

6 பிப்ரவரி, வியாழன்

இன்றும் மிக்கேல். முதலில் குடிக்காமல் வந்தான், வாசலிலேயே மனைவியின் தொணதொணப்பு. 206. அவள் மீன் விற்கப் போனதும் எங்கேயோ போய்விட்டு ஒரு மணி கழித்து வந்து உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது. "இன்னொரு தபா கட்டு கம்பவுண்டரே" என்றான். 174.

அவனுக்கு எழுத்து தெரியாது. ஆனால் பாதரசம் எந்த உயரத்தில் நின்றது என்று விரல் வைத்துக் காட்டுகிறான், ஒரு கோடு தப்பில்லாமல்! அலையைப் பார்த்தே பழகிய கண்.

"அப்ப ஊத்திக்கினா எறங்குது. அப்டிதானே?"

நான் சும்மா இருந்திருக்கலாம். டாக்டர் முன்னறையில் ஒரு அம்மாளின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குரலைத் தணித்து, "நீயே பாத்தியே. பாதரசம் பொய் சொல்லாது. அளவா எடுத்துக்கோ, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

அவன் முகம் மலர்ந்ததே, அதை எழுதத் தெரியவில்லை. "இத்தினி வருசத்துல எனக்கு நல்ல சேதி சொன்ன மொத ஆளு நீதான் கம்பவுண்டரே" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அவன் போன பிறகு ரொம்ப நேரம் எனக்கே சந்தோஷமாக இருந்தது. இருபது வருஷம் டாக்டர் எழுதியதைக் கலக்கிக் கொடுத்தவன். இன்று நானாக ஒன்றைக் கண்டுபிடித்து, நானாக ஒருவனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

25 பிப்ரவரி, செவ்வாய்

மிக்கேல் வந்து, நாளை முதல் நாற்பது நாள் ஒரு சொட்டுத் தொடமாட்டேன் என்றான். நாளை அவர்களுக்குச் சாம்பல் புதன். கோயிலில் நெற்றியில் சாம்பல் வைப்பார்களாம். அதிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் தபசு காலம். வருஷம் முந்நூற்றிருபது நாள் குடிக்கிறவன் அந்த நாற்பது நாள் கள்ளுக்கடைப் பக்கமே திரும்புவதில்லையாம். கல்யாணமான வருஷத்திலிருந்து இப்படித்தான்.

எனக்குப் பகீரென்றது. "உனக்கு ஏறிடுமே மிக்கேல். கொஞ்சமாவது..."

"சாமிக்குக் குடுத்த வாக்கு. உசுரு போனா போவட்டும்."

அவனைக் குடிக்கச் சொல்லி நான் கெஞ்சினேன்! இதை டாக்டர் கேட்டிருந்தால் என்னைக் கீழ்ப்பாக்கத்துக்கே அனுப்பியிருப்பார்.

29 பிப்ரவரி, சனி

மிக்கேல் 212. கை நடுங்கியது, சரியாகத் தூக்கமில்லை என்றான். நான் சொல்லவில்லையா?

7 மார்ச், சனி

மிக்கேல் 194. கை நடுக்கம் இல்லை. இதென்ன?

14 மார்ச், சனி

மிக்கேல் 180. இரண்டு தடவை கட்டினேன். பட்டை சரியாக இருக்கிறதா என்று என் கையிலும் கட்டினேன். பட்டை சரியாகத்தான் இருக்கிறது, நான்தான் 190.

மருந்து வேலை செய்கிறதோ என்று கேட்டேன். "அந்தக் கசப்பை எவன் குடிப்பான்? சீசா இன்னும் அப்டியே கீது" என்றான். சரி, மருந்து இல்லை. அப்படியானால் உப்பாக இருக்கும். விரதம் இருக்கிறானே, கருவாட்டை விட்டிருப்பான். ஆரோக்கியமேரி மாடவீதியில் கூடையோடு போனபோது நிறுத்திக் கேட்டேன்.

"தபசுல கறிதான் ஆவாது அய்யா, மீனு ஆவும். ரெண்டு வேளையும் கருவாடுதான் துண்ணுது. இன்னாத்துக்குக் கேக்குறே?"

சும்மாதான் என்றேன். உப்பும் இல்லை. உப்பு கூடியிருக்கிறது!

21 மார்ச், சனி

மிக்கேல் 168. குடிக்காமல்.

ராத்திரியெல்லாம் இதே யோசனை. குடித்தால் இறங்குகிறது. அதை நான் கண்ணால் பார்த்தேன், ஒரு தடவை இல்லை, இருபது தடவை. குடிக்காமல் இருந்தாலும் இறங்குகிறது. அதையும் கண்ணால் பார்க்கிறேன். இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்? இரண்டும் உண்மையென்றால், நடுவில் நான் பார்க்காத ஏதோ ஒன்று இருக்கிறது. என்னது அது?

இன்று அளவு கிளாஸில் கோட்டைப் பார்த்தேன். இரண்டு அவுன்ஸ் என்று எழுதினேனே. இப்போது நான்கு. எப்போது நான்காயிற்று?

24 மார்ச், செவ்வாய்

காலையில் தேவானை காபி டம்ளரை நீட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, தெனமும் விடிகாலையில உங்க மூஞ்சி ஏன் இப்படி ரத்தமா செவந்து கெடக்கு? சாயங்காலம் வரும்போது நல்லாதானே இருக்கீங்க?"

தலைவலி என்றேன். காலைத் தலைவலி எனக்குப் பழகிப்போன ஒன்று, ஏழெட்டு மாதமாக.

டிஸ்பென்சரிக்கு நடக்கும்போது, குளத்தங்கரையில் அப்படியே நின்றுவிட்டேன். காலை! காலையில் நான் ஒரு நாளாவது பார்த்திருக்கிறேனா? பெட்டி காலையில் இருந்தால்தானே. ஏழு மணிக்கெல்லாம் டாக்டர் அதைக் காரில் எடுத்துக்கொண்டு வீட்டு விசிட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். லஸ், மாம்பலம், அடையாறு பங்களாக்கள். பெரிய மனிதர்களுக்குக் காலையில் பெட்டி, எங்களுக்குச் சாயங்காலம் பெட்டி. மிக்கேலும் சாயங்காலம்தான் வருகிறான். நானும் சாயங்காலம்தான் கட்டிக்கொள்கிறேன்.

30 மார்ச், திங்கள்

டாக்டருக்குக் காய்ச்சல். ஒரு வாரம் படுக்கை. பெட்டி கீழேயே இருக்கிறது. பாவம் அவருக்கு நோவு, எனக்குத் திருவிழா. இப்படி எழுதுவது தப்புதான்.

காலை ஆறரை மணிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கட்டினேன்.

208.

மறுபடியும் 208.

உட்கார்ந்துவிட்டேன்.

1 ஏப்ரல், புதன்

நேற்று ராத்திரி நான்கு அவுன்ஸ். அரை மணி கழித்து 168. இன்று விடிகாலை 210. முந்தின நாளும் இதே கதை. ஊற்றியதும் இறங்குகிறது, விடிவதற்குள் இறங்கியதைவிட மேலே ஏறி நிற்கிறது. சாயங்காலம் வரைக்கும் ஏறியபடியே இருக்கிறது. சாயங்காலம் மறுபடியும் குடித்து, இறங்குவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறேன். அது ஏறியிருந்ததே முந்தின நாள் குடித்ததால்தான்! காய்ச்சல்காரன் நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டுக் கையை வைத்துப் பார்த்து, சில்லென்றிருக்கிறது, குணமாகிவிட்டது என்கிற மாதிரி.

இரண்டும் உண்மைதான். பாதரசம் பொய் சொல்லவில்லை. நான்தான் அதனிடம் ஒரே வேளையில் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்குப் பிடித்த பதில் கிடைக்கிற வேளையில்.

இதைக் கண்டுபிடித்ததில் ஒரு மகிழ்ச்சி வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்புறம்தான் மிக்கேல் ஞாபகம் வந்தது.

2 ஏப்ரல், வியாழன்

குடிக்கவில்லை. தூக்கமே இல்லை. காலை 212.

3 ஏப்ரல், வெள்ளி

குடிக்கவில்லை. மருந்து ஊற்றும்போது கை ஆடி, வேலுவின் மகளுக்குக் கொடுத்த இருமல் மருந்து மேஜையெல்லாம் சிந்தியது. மிக்கேலுக்கும் முதல் வாரம் இப்படித்தான் ஆடியது. ராத்திரி எட்டு மணிக்கே வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் தேவானை எனக்கு உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

5 ஏப்ரல், ஞாயிறு

காலை 196. மாடவீதியெல்லாம் பங்குனி உற்சவக் கூட்டம். நான் போகவில்லை. பாட்டில் ஜாடிக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, அதையும் எழுதி வைக்கிறேன்.

8 ஏப்ரல், புதன்

டாக்டர் எழுந்து நடமாடுகிறார், நாளை முதல் பெட்டி காரில் போகும். இன்று காலை 188.

ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர். நாற்பது நாள் அடக்கி வைத்ததை மிக்கேல் அன்றைக்குத் தீர்த்துக்கொள்வான். வருஷா வருஷம் அப்படித்தான் என்று அவனே சொன்னான். இந்த வருஷம் கம்பவுண்டர் வேறு சொல்லியிருக்கிறார், ஒண்ணும் ஆகாது என்று.

போய்ச் சொல்ல வேண்டும். நான் சொன்னது தப்பு, தொடாதே என்று. ரொம்பச் சுலபம். ஆனால், உனக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்பான். நான் குடித்துப் பார்த்தேன், டாக்டருக்குத் தெரியாமல் அவருடைய பெட்டியை என் கையில் கட்டிக்கொண்டேன் என்று சொல்ல வேண்டிவரும். ஆரோக்கியமேரி பக்கத்திலேயே இருப்பாள். அவள் வாயில் விழுந்தால் மறுநாள் மயிலாப்பூர் முழுக்கக் கூடையோடு போகும். டாக்டர் காதுக்கும் போகும். இருபது வருஷ வேலை.

11 ஏப்ரல், சனி

நேற்று பெரிய வெள்ளி, குப்பமே கோயிலில் இருக்கும் என்று போகவில்லை. இன்று போனேன். சாந்தோம் வரைக்கும் போய்விட்டேன். குப்பத்தின் முதல் குடிசை தெரிகிறது, வலை காய்கிறது. ஆரோக்கியமேரி வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டு யாரிடமோ உரக்கச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

திரும்பிவிட்டேன்.

பண்டிகை முடிந்து திங்கட்கிழமை கட்டிப் பார்க்க வருவான், அப்போது தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம். ஒரு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது? முப்பது வருஷமாகக் குடிக்கிறவன்தானே.

12 ஏப்ரல், ஞாயிறு

இன்றும் போகவில்லை.

13 ஏப்ரல், திங்கள்

காலை ஏழு மணி. டாக்டர் காரில் ஏறப்போகிற நேரம். நாலு பேர் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாய் ஒரு பக்கம் கோணிப்போய், வலது கை தொங்கிக்கொண்டு... அந்தக் கை. என் கையைப் பிடித்துக்கொண்ட கை.

டாக்டர் கட்டினார். பாதரசம் ஏறிக்கொண்டே போனது. 246. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நேத்து குடிச்சானா?"

"நேத்து பண்டிகை அய்யா" என்றாள் ஆரோக்கியமேரி. அவ்வளவுதான் சொன்னாள். என் பக்கம் பார்த்தாள். மிக்கேலும் என்னைப் பார்த்தான். ஒரு கண் சரியாகத் திறக்கவில்லை. என்னமோ சொல்ல வந்தான், கம்... கம்... என்று சத்தம்தான் வந்தது. டாக்டர் தன் காரிலேயே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்.

ஐயோ, சனிக்கிழமை இன்னும் நூறு அடி நடந்திருந்தா என்னடா உனக்கு? நூறு அடி! அவ சிரிச்சா என்ன, ஊரே சிரிச்சா என்ன?

14 ஏப்ரல், செவ்வாய்

உயிர் இருக்கிறது.

நேற்று பாட்டிலைத் திறந்தேன். முகர்ந்தேன். மூடிவிட்டேன். வீரம் எல்லாம் இல்லை, வாந்தி வந்தது.

20 ஏப்ரல், திங்கள்

ஒரு வாரம் காத்திருந்தேன், யாராவது வந்து என் சட்டையைப் பிடிப்பார்கள் என்று. யாரும் வரவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. இது இன்னும் மோசமாக இருக்கிறது.

இன்று சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். அவர் கத்தவில்லை. இந்த நோட்டைக் கொண்டு வரச் சொன்னார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எண்கள் இருக்கிற பக்கங்களை எல்லாம் வாசித்தார். "பெரிய மனிதர்களுக்குக் காலையில் பெட்டி" என்கிற இடத்தில் ரொம்ப நேரம் நின்றார்.

"காலையில் பார்த்தவனைச் சாயங்காலம் பார்த்ததில்லை. சாயங்காலம் பார்த்தவனைக் காலையில் பார்த்ததில்லை. நானும்தான் கங்காதரா" என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆனால் நான் யாருக்கும் குடிக்கச் சொல்லவில்லை" என்றார்.

வேலை போய்விட்டதா என்று கேட்டேன்.

"முதலில் அந்த அம்மாளிடம் போய்ச் சொல்லு. அப்புறம் வந்து பாட்டிலைக் கழுவு."

9 மே, சனி

மிக்கேலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். போனேன். இந்தத் தடவை நிற்கவில்லை, நின்றால் திரும்பிவிடுவேன் என்று பயம்.

அவன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலது பக்கம் வேலை செய்யவில்லை. இடது கையால் என்னை உட்காரச் சொன்னான். ஆரோக்கியமேரி மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"நான்தாம்மா அவன்கிட்ட சொன்னேன், குடிச்சா எறங்கும்னு. தப்பு. ஈஸ்டருக்கு முன்னாலயே அது தப்புன்னு எனக்குத் தெரியும். சொல்ல வந்தேன். பயந்துக்கிட்டுத் திரும்பிப் போயிட்டேன்."

அவள் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"நீ சொன்னது தெரியும் அய்யா. அன்னிக்கே வந்து குதிச்சிச்சு. 'மேரி, கம்பவுண்டரே சொல்லிட்டாரு'ன்னு. இருவது வருசமா அதோட சண்ட போட்டுக்கினு இருந்தவ நான். நீ சொல்லிட்டேன்னதும் வுட்டுட்டேன். படிச்சவரு சொல்றாரு, நமக்கு இன்னா தெரியும்னு." கத்தியைக் கீழே வைத்தாள். "பண்டிகைக்கு நானேதான் கடைக்குப் போய் வாங்கியாந்தேன். எந்த வருசமும் போனதில்ல. நாப்பது நாளு ஒழுங்கா இருந்துச்சே, ஆசையா குடிக்கட்டும்னு என் கையாலயே ஊத்திக் குடுத்தேன். யார்கிட்டப் போய் நான் இன்னான்னு சொல்றது?"

அவள் அழுதாள். நானும் அழுதேன், வெட்கமில்லாமல். மிக்கேல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினான், போதும் போதும் என்கிற மாதிரி.

கிளம்பும்போது, "நானும் குடிக்கிறவன்தான். அது வெளியே தெரிஞ்சிடும்னுதான் அன்னிக்குத் திரும்பிப் போனேன்" என்றேன்.

"அதான் மூஞ்சப் பாத்தாலே தெரியுதே" என்றாள். "குடிகாரனோட குடித்தனம் பண்றவளுக்குத் தெரியாதா? மயிலாப்பூருல மீனு வாங்குற அத்தினி பொம்பளைக்கும் தெரியும்."

அத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்றை மறைப்பதற்காகத்தான் நான் அந்தச் சனிக்கிழமை திரும்பி வந்தேன்.

10 மே, ஞாயிறு

தேவானையிடம் கேட்டேன். "தெரியும்" என்றாள். "நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

26 மே, செவ்வாய்

டாக்டர் வாரத்தில் செவ்வாயும் சனியும் பெட்டியைக் காலையில் இங்கேயே வைத்துவிட்டுப் போகிறார். அடையாறு ஜட்ஜ் ஒருவருக்குக் கோபமாம். யார் வந்தாலும் காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கட்டி, எந்த வேளை என்று சீட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார். கடைசியாக எப்போது குடித்தார்கள் என்றும் கேட்டு எழுத வேண்டும். மரியாதைப்பட்டவர்கள் முறைக்கிறார்கள். நான் என்னுடையதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் கேட்கிறேன். பாதிப் பேர் உண்மை சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

நான் காலை 164. சாயங்காலம் 160. ஐம்பத்தைந்தாம் நாள். ஏழு மணி அடிக்கும்போது நாக்கு இன்னும் கேட்கிறது.

6 ஜூன், சனி

காலை எட்டு மணிக்கு மிக்கேல் நடந்து வந்தான்! ஒரு பக்கம் கோல், ஒரு பக்கம் ஆரோக்கியமேரி. கச்சேரி ரோட்டைக் கடக்கவே கால் மணி ஆயிற்று. 172. பாதரசம் நின்ற இடத்தில் இடது கை விரலை வைத்துக் காட்டினான். சரியாக வைத்தான். இனிமேல் கடலுக்குப் போக முடியாது என்று டாக்டர் சொன்னதை அவனிடம் அவள் இன்னும் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவனை எழுப்பிவிட்டு அவளே ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எனக்கும் கட்டு" என்றாள். நாலு மாதமாக இங்கே வருகிறவள், ஒரு நாளும் கை நீட்டியதில்லை.

198.

எண்ணைச் சொன்னேன். என்னையே பார்த்தாள்.

"நான் ஒரு சொட்டுத் தொட்டதில்லியே அய்யா. எனக்கு ஏன் இவ்ளோ கீது?"

நாலைந்து பதில்கள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டன. கருவாடு, கூடைச்சுமை, இரண்டு மாதத் தூக்கமின்மை. எதைச் சொன்னாலும் நம்பியிருப்பாள். பெஞ்சில் காத்திருந்தவர்களும் நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியாதும்மா" என்றேன்.

இருபது வருஷத்தில் ஒரு நோயாளியிடம் நான் இதைச் சொன்னதில்லை. அவள் ரவிக்கைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, புருஷனின் கோலை எடுத்துக் கொடுத்தாள்.

"செரி. அப்ப சாயங்காலமும் வரேன், நீயே கட்டிப் பாரு" என்றாள்.